தம்பி பெயரில் வந்த கடன்

என் கைபேசிக்கு யாரும் பெரிதாக வேலை வைப்பதில்லை. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி, பார்சல்காரன், தண்ணீர் வடிகட்டி வாங்கச் சொல்லும் ஒரு பெண், இவ்வளவுதான். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பதினோராவது மாடி ஃப்ளாட்டில், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் ஐம்பத்தொன்பது வயதாகிவிட்டவளுக்கு வேறு யார் போன் அடிப்பார்கள்? அதனால் மணி அடித்தால் உடனே எடுத்துவிடுவேன். எடுத்தபின் யாராக இருந்தாலும் கொஞ்சம் திட்டுவேன். திட்டிவிட்டு, வைக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் பேசுவேன். வடிகட்டிப் பெண்ணிடம் அவள் மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்திருக்கிறேன். வடிகட்டி வாங்கவில்லை.

கடன் கேட்டு ஒருவன் முதன்முதலாக அடித்தபோது பகல் பதினொரு மணி. நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சாப்டாச்சா?" என்றான். நம் ஊர்த் தமிழ். வயது முப்பதுக்குள் இருக்கும்.

"பதினோரு மணிக்கு யாருடா சாப்புடுவா? நீ யாரு?"

"கோவப்படாதீங்கக்கா. கடன் வசூல் ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க தம்பி எங்க கம்பெனில ஆறாயிரம் வெள்ளி கடன் எடுத்துட்டு நாலு மாசமா கட்டல. ஜாமீன் உங்க பேர்ல இருக்கு."

அடுப்பை அணைத்தேன். என் முழுப்பெயரைச் சொன்னான். அம்மாவின் பெயரைச் சொன்னான். ஃப்ளாட்டின் புளோக், மாடி, கதவு எண் மூன்றையும் சொன்னான். தம்பியின் கைபேசி எண்ணை ஒப்பித்தான். இத்தனையும் தெரிந்தவன் பொய்யனாக இருப்பான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மூவாயிரத்து எண்ணூறு கட்டினா இதோட முடிச்சிடலாம். இல்லன்னா எங்க ஆளுங்க வருவாங்க. கதவுல செவப்புச் சாயம் ஊத்துவாங்க, லிஃப்ட்ல உங்க படத்த ஒட்டுவாங்க. எனக்கே கஷ்டமாத்தான் இருக்குக்கா. உங்க தம்பிகிட்ட மட்டும் பேசிடாதீங்க. அவர் மேல கேஸ் போகுது. பேசினா நீங்களும் மாட்டிக்குவீங்க."

தம்பியிடம் பேசாதே என்று எனக்கு எவனும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மா என்னோடுதான் இருந்தாள், இந்த ஃப்ளாட்டில்தான் போனாள். பதினாறாம் நாள் காரியத்தன்று, இலை போடுகிற நேரத்தில், தம்பி என்னைப் பால்கனிப் பக்கம் கூப்பிட்டான். தாசேக் கெலுகோரில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான் அவன். சொந்தமாக ஒரு பழைய லோரி எடுக்கப்போகிறானாம், கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். மெதுவாகத்தான் கேட்டான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உள்ளே வந்து எல்லாரும் கேட்கும்படி, "அம்மா போயி பதினாறு நாள் ஆவல, இவனுக்கு லோரி கேக்குது" என்றேன். அவன் மனைவியையும் பிள்ளையையும் எழுப்பிக்கொண்டு சாப்பிடாமல் போனான். போகிறவனைப் பார்த்து, "இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத" என்றும் சொன்னேன். சொன்னதைக் கேட்டு நடக்கிற பிள்ளை இல்லை அவன். அதை மட்டும் கேட்டு நடந்தான்.

ஒரு தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்குக் கீழே அவனைப் பார்த்தேன். ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. இருவர் கண்ணும் சந்தித்தன, இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அன்று வெயிலில் நாக்கு வறண்டுபோய், அடுத்த பந்தல் வரை நடந்து போய்த்தான் மோர் குடித்தேன். அவ்வளவு வீம்பு.

இப்போது என்னைக் கேட்காமலேயே என் பெயரைப் போட்டிருக்கிறான். முதலில் கோபம்தான். பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். மத்தியானத்துக்கு மேல் அந்த எரிச்சல் தணிந்து வேறு ஒன்று வந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம். ஜாமீனுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றபோது அவனுக்கு என் பெயர்தானே ஞாபகம் வந்திருக்கிறது? அவனுக்கு நான் இன்னும் அக்காதான்.

அந்த ஆள் மறுநாளும் அடித்தான், அதற்கு மறுநாளும் அடித்தான். சரியாகப் பதினொரு மணிக்கு. "முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டான். முதல் நாளே முட்டி வலியைப் பற்றி அவனிடம் நான்தான் புலம்பியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பத்தே முக்காலுக்கே வேலையெல்லாம் முடித்துவிட்டு, கைபேசியை மேசையில் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தேன். மிரட்டுகிறவனின் போனுக்காகக் காத்திருந்த ஒரே ஆள் இந்தப் பினாங்கில் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வரவில்லை.

என்னிடம் ஒன்பதாயிரம் வெள்ளி தனிக் கணக்கில் இருந்தது. அது என் சாவுக்கென்று நான் சேர்த்தது. பெட்டி, வண்டி, மேளம், பதினாறாம் நாள் சாப்பாடு. என்னைத் தூக்கிப் போட யாரும் யாரிடமும் கைநீட்டக் கூடாது என்று, புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்திலிருந்து மாதம் ஐம்பது ஐம்பதாகப் போட்டு வந்தேன். அதிலிருந்து எடுத்துக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பிக்குத் தெரியவே வேண்டாம். என்றைக்காவது தெரிந்து அவனே வரட்டும் என்றும் நினைத்தேன். அந்த ஆசைக்கு மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி அதிகமாகப் படவில்லை.

ஃபேக்டரியில் இருபத்தேழு வருடம் சரக்குச் சோதனையில் இருந்தவள் நான். எந்தப் பெட்டி வந்தாலும் கூட ஒரு தாள் வர வேண்டும். தாள் இல்லாத பெட்டியை மேனேஜரே தூக்கி வந்தாலும் உள்ளே விடமாட்டேன். அந்தப் பழக்கத்தில், மூன்றாம் நாள் அவன் அடித்ததும், "கட்டறேன்டா, ஆனா பேப்பர் அனுப்பு. பேப்பர் இல்லாம காசு நகராது" என்றேன். கொஞ்சம் முனகினான். பிறகு, "அனுப்பறேன், பேங்க்குக்குக் கெளம்புங்க" என்றான்.

வங்கியில் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பதினாலு பேர். வாட்ஸாப்பில் கடிதம் வந்தது. மேலே ஒரு முத்திரை, கீழே ஒரு கையெழுத்து, நடுவில் சிவப்பு எழுத்தில் தொகை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபேக்டரியில் பார்ப்பதுபோல் மேலிருந்து வரி வரியாகப் படித்தேன். கடன் வாங்கியவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவனை வீட்டில் கூப்பிடும் பெயர்.

அந்தப் பெயர் அவன் அடையாள அட்டையான ஐசியில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கிடையாது, லோரி லைசென்ஸில் கிடையாது. சின்ன வயதில் அம்மா வைத்த பெயர். அதை எந்தக் கடன் ஆபீஸ் பாரத்திலும் எவனும் எழுத மாட்டான். அது அச்சில் வந்தது ஒரே ஒரு தாளில்தான், அம்மாவின் காரிய நோட்டீஸில். சொந்தக்காரர்களுக்கு அவன் முழுப்பெயர் தெரியாதே என்று அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னவளே நான்தான்.

அந்த நோட்டீஸ் இன்னும் என் கைபேசியில் இருந்தது. திறந்து பார்த்தேன். அம்மாவின் பெயர், பிள்ளைகள் இருவரின் முழுப்பெயர், காரியம் நடக்கும் வீடு என்று என் புளோக், மாடி, கதவு எண். அடியில், தொடர்புக்கு என்று எங்கள் இருவரின் கைபேசி எண்கள். அவன் போனில் ஒப்பித்த எதுவும் இதற்கு வெளியே இல்லை. என் ஐசி எண்ணை அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஜாமீன்காரியின் ஐசி எண் இல்லாமல் என்ன கடன் ஆபீஸ்? வருவோர் போவோர் தெரிந்துகொள்ளட்டும் என்று எல்லா வாட்ஸாப் குழுவுக்கும் நாங்களே அனுப்பி வைத்த நோட்டீஸை எவனோ எடுத்து வைத்திருக்கிறான்.

என் சீட்டு எண்ணைக் கூப்பிட்டார்கள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் கடிதத்தையும், பணம் போடச் சொன்ன கணக்கையும் காட்டினேன். அவள் பார்த்த மாத்திரத்தில் தலையை ஆட்டினாள். "மக்சிக், ஜாங்ஙான் பாயார்" என்றாள். அம்மா, கட்டாதீர்கள். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருப்பதைக் காட்டினாள். உண்மையான கடன் என்றால் முதலில் வீட்டுக்குக் கடிதம் வரும், பணம் கம்பெனி கணக்குக்குத்தான் போகும், நேரில் போய்க் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள், யாரிடமும் பேசாதே என்று சொல்லவே மாட்டார்கள் என்றாள். போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னாள். இந்த வாரம் நான் மூன்றாவது ஆளாம்.

வெளியே வந்ததும் அவனே அடித்தான். "போட்டாச்சாக்கா?"

"என் தம்பி ஐசி நம்பரச் சொல்லு, போடறேன்."

"அதெல்லாம் ஃபைல்ல இருக்குக்கா."

"ஃபைலப் பாத்துச் சொல்லு. எனக்கு அவசரம் இல்ல. செத்தவங்க நோட்டீஸப் பாத்துப் பொழைக்கிற பொழப்பு ஒரு பொழப்பாடா? உங்கம்மாவுக்கும் ஒரு நாள் நோட்டீஸ் அடிப்பாங்கடா."

அதற்குப் பிறகு அவன் பேசியதை எழுத முடியாது. சாயம் ஊற்றுவேன், காலை முறிப்பேன் என்றெல்லாம் கத்திவிட்டு வைத்தான். எண்ணைத் தடுத்து வைத்தேன். முதலில் வந்த பேருந்தை விட்டுவிட்டேன். பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. நாளைப் பதினொரு மணிக்கு யாரும் அடிக்கமாட்டார்கள் என்பதும் அதில் இருந்தது.

அதைவிடப் பெரியது ஒன்று பேருந்தில் உட்கார்ந்தபின் உறைத்தது. தம்பி கடன் வாங்கவில்லை. என் பெயரைப் போடவில்லை. மூன்று நாளாக நான் மனதுக்குள் கொஞ்சிக்கொண்டிருந்த தம்பியை ஒரு மோசடிக்காரன்தான் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறான்.

போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிய அதிகாரி தமிழர். மெசேஜ், கடிதம், கணக்கு எண் எதையும் அழிக்காதீர்கள் என்றார். நான் அவனைத் திட்டியதைச் சொன்னதும், "திட்டக்கூடாது லா அம்மா. பேசாம வச்சிடணும்" என்றார். பிறகு நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நம்பரும் இதுல இருக்கு. தம்பிக்கும் அடிப்பானுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க" என்றார்.

அதிகாரியே சொல்லிவிட்டார் என்ற சாக்கு கிடைத்தது. வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தம்பிக்கு அடித்தேன். எடுப்பானா என்று தெரியாது. எடுத்தான்.

"என்னக்கா?" என்றான், நேற்றுத்தான் பேசியதுபோல்.

என்னால் வேறு மாதிரி பேச முடியவில்லை. போலீஸ் அறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தேன். இப்படி ஒருவன் அடிப்பான், கடன் என்பான், ஜாமீன் என்பான், நம்பாதே, ஒரு காசு போடாதே. முடித்ததும் தம்பி கேட்டான்.

"அப்ப நீ கடன் வாங்கலியா?"

"நான் எதுக்குடா வாங்கறேன்?"

"போன மாசம் எனக்கு அடிச்சானுங்க. உன் அக்கா கடன் வாங்கிருக்கு, உன்ன ஜாமீன் போட்டிருக்குன்னு சொன்னானுங்க. அக்கா வீட்டுக் கதவுல சாயம் ஊத்துவோம்னானுங்க. நீ தனியா இருக்க. பயந்துட்டேன்."

"கட்டினியா?"

"அஞ்சாயிரம். லோரிக்கு டயர் மாத்த வச்சிருந்தது."

என் பெயரைக் கேட்டு என்ன நினைத்திருப்பான்? அக்காவுக்குக் கஷ்டம் வந்துவிட்டது, ஜாமீனுக்கு என்னைத்தான் நினைத்திருக்கிறாள் என்று ஒரு நாளாவது சந்தோஷப்பட்டிருப்பானா? அதைக் கேட்க வாய் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"அறிவு இருக்காடா ஒனக்கு? அஞ்சாயிரத்தத் தூக்கி எவனுக்கோ குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிச்சிக் கேட்டா என்ன?"

அவன் பக்கம் ஏதோ லோரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

"நீ எடுத்திருப்பியாக்கா?"

எடுத்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மோர்ப் பந்தலைக் கடந்து போனவள் நான். பொய் வரவில்லை.

"எடுத்திருக்க மாட்டேன்" என்றேன்.

"அதான் கட்டிட்டேன்" என்றான்.

இருவரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தோம்.