அப்பாவின் வாட்சில் நாலரை மணி

எனக்கு மணி பார்க்கத் தெரியும் என்றுதான் முப்பத்தைந்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை மாம்பலத்தில், பனகல் பூங்காவுக்கு எதிர்ச்சாரியில் இருந்த ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் போயிற்று.

அப்பா போனது யுத்த காலத்தில். சர்க்கார் உத்தரவுப்படி எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. ஊரே புது நேரம், பழைய நேரம் என்று இரண்டு நேரம் வைத்துக்கொண்டு திண்டாடியது. பஞ்சாங்கமோ பழைய நேரத்தை விட்டு அசையவில்லை. மயிலாப்பூரில் எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரம், அப்பா படுத்த நாலு நாளில் சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றுவிட்டது. அதனால் அவர் மூச்சு நின்றபோது தலைமாட்டில் இருந்த, படுத்தபடியே அவர் சாவி கொடுத்துவந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன், நாலரை என்று. சாஸ்திரிகள் வழக்கம்போல பஞ்சாங்கத்துக்காக அதில் ஒரு மணி நேரத்தைக் கழித்து, மூன்றரை என்றார். அன்றைக்குச் சப்தமி நாலு மணி வரை. ஆகவே திதி சப்தமி. இரண்டு வருஷம் சப்தமியிலேயே திவசம் செய்தேன்.

மூன்றாவது திவசம் நெருங்கும்போது, பீரோவில் கிடந்த அந்த வாட்சைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை வந்தது. யுத்தம் முடிந்து எல்லாரும் பழைய நேரத்துக்கே திரும்பியிருந்தார்கள். வாட்ச் ஓடவில்லை. டயலில் கம்பெனிப் பெயர் அழிந்து, ஒரு பழுப்புக் கறைதான் மிச்சம். அடையாறிலிருந்து ஆபீசுக்கு வரும் நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, போன யுத்தத்துச் சிப்பாய் கட்டியது என்று சத்தியம் செய்தார். மறுநாள் அவரே, இல்லை, பொம்பளை வாட்ச் என்றார். சாதுவான எங்கள் அப்பாவுக்கு இரண்டுமே பொருந்தவில்லை. அதனால்தான் பஸ் ஏறி மாம்பலம் போனேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவுடையது என்று நான் நீட்டியதை வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார்.

"இன்னா அய்யரே, இது ஒரு வாச்சி இல்ல, மூணு வாச்சி. மிசின் ஒண்ணு, கூடு ஒண்ணு, முள்ளு வேற எதுலயோ கயட்டிப் போட்டது. பேரு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

மூன்று பேருடைய வாட்சையா இத்தனை நாள் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம்? அதற்குள் அவர் மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இந்தக் கீறலைப் பாத்தியா? என் கையி. நம்மகிட்ட வர்ற வாச்சிக்கு உள்ளாற மாசம், வருசம் கீறி வெப்பேன். உங்க அப்பாருதானா அவரு! டைம் மாத்தின புதுசு. முள்ளு மாத்தி, புது டைம் வெச்சிக் குடுத்தேன். சண்டைக்கு வந்துட்டாரு. 'சர்க்காருக்கு யுத்தம்னா சூரியனுக்கும் யுத்தமா ஓய்'னு கேட்டு, பழைய டைம் வெச்சப்புறம்தான் கடைய வுட்டு எறங்கினாரு."

கடை வாசலிலேயே நின்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். அப்பா வாட்ச் பழைய நேரத்தில் ஓடியது என்றால் அந்த நாலரை நிஜ நாலரை. ஒரு மணி கழித்திருக்கவே கூடாது. அப்பா போனது அஷ்டமியில். அப்படியானால் இரண்டு வருஷம் நான் யாருக்குத் திவசம் செய்தேன்? ஒருவேளை பின்னால் புது நேரத்துக்கு மாற்றிக்கொண்டாரோ? பென்ஷன் வாங்கப் புது நேரத்துக்குத்தானே போக வேண்டும்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அப்பா கையில் மணி என்ன என்று ஒரு நாள்கூடப் பார்க்காத பிள்ளை நான். வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் ஓடுகிற வாட்சோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பழைய நேரந்தான். கடைசி வரைக்கும் மாத்தலையே."

"ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"என்னை யார்டா கேட்டா? நீ மணி சொன்னே, சாஸ்திரிகள் ஒரு மணி கழிச்சார், எல்லாரும் தலையை ஆட்டினா. அத்தனை மனுஷா மத்தியில, அவர் பக்கத்துல ஒக்காந்துண்டு, என் பிள்ளை தப்பாச் சொல்றான்னு கத்தச் சொல்றியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமும் திவசத்துக்கு மறுநாள், அஷ்டமியன்று, அம்மா குளித்து மடியாகச் சமைத்து, முதல் பிடியைக் கிணற்று மேடையில் காக்காய்க்கு வைத்தாள். அது வந்து தொடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நேத்திக்குத்தானே விருந்து, இன்னிக்குமா?" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இப்போது அந்த நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இந்த வருஷம் அஷ்டமியிலேயே பண்ணிடறேன்மா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருஷமா சப்தமிக்கு வந்துண்டிருக்கார். அவரும் நீ சொன்னதைத்தானே நம்பி வந்தார்? திடீர்னு மாத்தினா எங்கேன்னு போவார்?"

எது சரி என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அந்த வருஷமும் சப்தமியில்தான் செய்தேன். மறுநாள் அம்மா சோற்றோடு கிணற்றடிக்குப் போனபோது நானும் சாப்பிடாமல் கூடப் போய் நின்றேன். காக்காய் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது.

"மணி என்னடா?" என்றாள் அம்மா.

அப்பாவின் வாட்ச் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தேன். கையை அவளிடமே நீட்டினேன்.