மரத்துப்போகிற ஊசி

"மரத்துப்போற ஊசி வேணாம்மா. அப்படியே தைச்சிடுங்க."

கையைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் மாமா நர்ஸிடம் சொல்வது இதுதான். தோளில் கிடக்கும் துண்டை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். "அப்படியே தைக்க இது என்ன சட்டையா?" என்று ஒரு நர்ஸ் திட்டினார். "சட்டைன்னா நல்ல துணியாச்சேன்னு பயப்படணும். இது பழைய தோலுதானே," என்றார். கடைவாய்ப் பல்லைக்கூட இப்படித்தான் பிடுங்கிக்கொண்டார். கேட்டால், "எங்க குடும்பத்துக்கு ஊசி ஆகாதுப்பா" என்பார். சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். வெறும் முரட்டுத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

மாமா என் அத்தையின் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மேசைமேல் பழைய கம்பளி விரித்திருக்கும். வெட்டுகிற கருவியின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுக்கட்டையை ஒட்டி ஒரே இழுப்பு. அந்த 'கிர்' சத்தம் நடுவில் அறுந்தால் கண்ணாடி கோணலாக உடையுமாம். அதனால் இழுத்து முடிக்கும்வரை மூச்சு விடமாட்டார். ஜன்னலைச் சாண் வைத்து அளந்து வருகிறவர்களைக் கண்டால் மட்டும் வாய் சும்மா இருக்காது. "உங்க சாணுக்கு வெட்டவா, என் சாணுக்கு வெட்டவா? போய் டேப் பிடிச்சுட்டு வாங்க. குறைச்சு வெட்டிட்டா அப்புறம் அழுதாலும் வளராது."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். அந்தத் தைரியத்தில் ஒருநாள் அவருக்குப் பாடம் எடுத்தேன். ஆளையே மயங்கவைக்கிற சில மருந்துகள்தான் சில குடும்பங்களுக்கு ஆகாது, தையலுக்கும் பல்லுக்கும் போடுகிற ஊசி ஒன்றும் செய்யாது என்றேன். மாமா தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்பா. டாக்டரே சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு மாமா வலியோட..."

"அந்த ஃபிரேமைப் பிடி. கோணுது பாரு."

விஷயத்தைச் சொன்னது அத்தை. மாமாவின் அப்பா கால் முறிவு ஆபரேஷனில் இறந்தவர். மயக்க மருந்து உள்ளே போனதும் தாடை இறுகி, உடம்பு அனலாய்க் கொதித்து, போய்விட்டார். "ஆனா மாரடைப்புன்னுதான் வெளிய சொன்னோம். இவரு தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வர்ற நேரம். பரம்பரை வியாதியான்னு கேட்டுட்டா?" கல்யாணம் முடிந்தது, குழந்தை பிறந்தது. பொய் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு அந்தத் தங்கைக்குக் குடல்வால் ஆபரேஷன். மயக்க மருந்து குடும்பத்தில் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று நர்ஸ் வெளியே வந்து கேட்டபோது, பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு தங்கையின் மாமியார். "அப்படி யாருக்கும் இல்லீங்க," என்று சொன்னது மாமாதான். தங்கை திரும்பி வரவில்லை. குடல்வால் வெடித்துவிட்டது என்று சொல்லித்தான் அவள் மகளை வளர்த்தார்கள்.

அதைக் கேட்டபின் அவருடைய தையல்களை எண்ணுவது போலப் பார்க்கத் தொடங்கினேன். அந்த மாமியாருக்கு முன்னால் நான் நின்றிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? படித்தவன், சொல்லியிருப்பேன் என்று சட்டென வாயில் வருகிறது. நிச்சயமாகத் தெரியவில்லை.

போன மாதம் அந்த மகளுக்குப் பித்தப்பையில் கல். கணவர் வெளியூரில். மாமாவும் நானும் துணைக்குப் போனோம். மயக்க மருந்து டாக்டர் சின்ன வயதுப் பெண். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, அந்தக் கேள்வியையும் கேட்டார்.

"அப்படி யாருக்கும் இல்ல டாக்டர்," என்றாள் அவள்.

மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இருக்கு டாக்டர். எங்கப்பாவுக்கு. அப்புறம் இவ அம்மாவுக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். தசையில் பரம்பரையாக வருகிற கோளாறாக இருக்கலாம் என்றார். அதற்கென்று வேறு மயக்க மருந்து இருக்கிறது, ஏதாவது ஆனால் முறிக்கிற மருந்தும் கைவசம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம், பயப்பட வேண்டாம். "நல்லவேளை சொன்னீங்க சார். தெரியாம வழக்கமான மருந்தைக் கொடுத்திருந்தா..." என்று பாதியில் விட்டார். மாமாவும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை, குரலும் உயரவில்லை.

"மாமா, அம்மாவை உள்ள கொண்டுபோனப்பவும் இதே மாதிரி கேட்டாங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பதிலை அவருக்காக நான் சொல்ல முடியாது. சொல்லக் கூடாது என்றும் தோன்றியது.

"தாகமா இருக்கும்மா உனக்கு. தண்ணி பிடிச்சுட்டு வரேன்."

அவள் மடியிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்கு நடந்தார். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. குழாயடியில் நின்று அதை முழுக்கக் கவிழ்த்துக் கொட்டினார். பிறகு குழாயை நூல்போலத் திறந்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, மறுபடி நிரப்பத் தொடங்கினார்.