முத்துலட்சுமி அக்காவின் வெள்ளைக் கார்

செவ்வாய்க்கிழமை காலை ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது முத்துலட்சுமி அக்காவின் கணவர் அழைத்தார். "ஒங்க அக்கா போய்ட்டாம்மா" என்றார். அவர்கள் வீட்டுக்குப் போக, வந்து நின்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறிவிட்டேன்.

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நானும் அக்காவும் செவிலியர்களாக இருந்தோம். சுந்தரபாண்டியத்தில் பிறந்த அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். அங்கே கார் இல்லாவிட்டால் காய்கறி வாங்குவதுகூடப் பெரும்பாடு. கடை கண்ணுக்கு எதிரே தெரியும். நடுவில் வண்டிகள் பறக்கும் சாலை கிடக்கும். டாக்சிக்காக வெயிலில் நின்று அலுத்துப்போய்த்தான் அக்கா கார் ஓட்டப் பழகினார். உரிமம் வாங்க, இரும்பு டிரம்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திக் காட்ட வேண்டும். மூன்று முறை டிரம்மில் இடித்துத் தோற்றார். நான்காம் முறை தேறினார்.

பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். தூசி படிந்த காரை அங்கே போலீஸ் நிறுத்திவிடும் என்பதால் வெள்ளிதோறும் கழுவுவார். பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும். யாராவது சாலையைக் கடக்க நின்றால், அவர் எதிர்ப்பக்கம் ஏறும்வரை பொறுத்திருப்பார்.

என் அம்மா இறந்த செய்தி பணி நேரத்தில் வந்தது. விமானம் மாலையில்தான். அறையில் என்னால் உட்கார முடியவில்லை. அக்கா விடுப்புச் சொல்லிவிட்டு வந்து என்னைக் காரில் ஏற்றினார். கடலோரச் சாலையில் போவதும் திரும்புவதுமாக நான்கு மணி நேரம் ஓட்டினார்.

"அழணும்னா அழுட்டி. நான் ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார்.

அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறகு, அம்மா என்னென்ன சமைப்பார் என்று கேட்டார். விமான நிலையம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஓட்டக் கற்றுக்கொள்ளும்படி என்னிடம் எத்தனையோ முறை சொன்னார். நீங்கள்தான் இருக்கிறீர்களே என்று தட்டிக்கழித்தேன்.

இருவரும் ஊர் திரும்பிய மறுவருடமே அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. போன மாதம் பார்க்கப் போனபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தார். வீட்டு வாசலில் அவர் மகனின் கார் நின்றது, மகன் சென்னையில். "ஒரு சுத்து கூட்டிட்டுப் போறியாட்டி?" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அடுத்த நொடியே அவருக்கு நினைவு வந்துவிட்டது. "சரி, விடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஒருவரைக் கூப்பிடலாம் என்று அவர் கணவர் சொன்னதற்கு வேண்டாமென்று தலையசைத்தார்.

செவ்வாய் மதியம் அக்காவை எடுத்துப் போனார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை பெண்களோடு நின்றிருந்தேன். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். நானும் பேசாமல்தான் வந்தேன். மனம் கேட்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்: வாரேன், அக்கா.