சாணார்பட்டி ரேடியோவில் கேட்ட போலீஸ் குரல்

சிறுமலைக்குப் போகும்போது சாணார்பட்டிப் பக்கமும் ஒரு நாள் சுற்றலாமா என்று இந்த வலைப்பதிவைப் படிக்கும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் சுற்றலாம். நான் போனது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம். ஊர் பார்க்கப் போகவில்லை, ஒரு புகாரை விசாரிக்கப் போனேன். போன இடத்தில் பொறாமையில் வெந்து போனேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையில் பஸ் கட்டணம் மட்டும்தான் மிஞ்சும்.

அப்போது நான் சென்னையில் ஒரு வானொலி நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளன். எங்கள் மாலை ஒலிபரப்பு சிற்றலையில், அறுபது மீட்டரில் போகும். எந்த அலை யாருக்கு என்று உலக நாட்டுக்காரர்கள் ஜெனீவாவில் கூடிப் பாகம் பிரிப்பார்கள். அதில் இந்த அறுபது மீட்டர் கூட்டுக் குடும்பச் சொத்து மாதிரி. வெப்ப நாடுகளில் இடி மின்னல் இரைச்சல் அதிகம் என்பதால் அதை ஒலிபரப்புக்குக் கொடுத்தார்கள். வண்டியில் வயர்லெஸ் வைத்துப் பேசுகிறவர்களுக்கும் அங்கேயே பங்கு உண்டு என்றும் எழுதி வைத்தார்கள். அதற்குள் யாருக்கு எந்த இடம் என்று டில்லியில் வகுத்துக் கொடுப்பார்கள். ஒருவர் இடத்தில் இன்னொருவர் கால் வைத்தால் உடனே புகார் பறக்கும்.

எங்களுக்கு வந்த புகாரை எழுதியவர் சாணார்பட்டி வட்டாரத்துக் கிராம சேவக் ஒருவர், அதாவது ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் அரசு ஊழியர். ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவில் விவசாய நிகழ்ச்சிக்கு நடுவே தினமும் போலீஸ் வயர்லெஸ் பேச்சு நுழைகிறது என்று எழுதியிருந்தார். அந்தப் பகுதியில் வயர்லெஸ் ஜீப்பில் போகும் ஏட்டு யார் என்று விசாரித்தேன். சவரிமுத்து என்றார்கள்.

சவரிமுத்து என்னோடு படித்தவன், திண்டுக்கல்காரன். படிப்பு முடிந்ததும் அறிவிப்பாளர் வேலைக்கான குரல் தேர்வுக்கு நான் போனேன். எனக்குத் துணையாக வந்தவன், சும்மா இருப்பானேன் என்று அவனும் ஒரு தாள் வாசித்தான். என்னை அனுப்பிவிட்டு அவனை இருக்கச் சொன்னார்கள். அவனோ, "எங்கய்யா போலீஸ்லதான் சேரணும்னு சொல்லிட்டாருங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டான். எனக்குக் கிடைக்காததை அவன் எச்சில் இலையைப்போல எறிந்துவிட்டு வந்ததை நான் மன்னிக்கவே இல்லை.

எழும்பூரில் மாலை ஏறினால் காலை ஏழு பத்துக்குத் திண்டுக்கல். 268 மைல், மூன்றாம் வகுப்பு எட்டு ரூபாய் முப்பது நயாபைசா. என்னோடு வந்த, அலைவரிசை பார்க்கும் அளவுக் கருவி இருபத்திரண்டு பவுண்டு எடை. பெட்டியை இறக்கி நிமிர்ந்தால், பிளாட்பாரத்தில் சவரிமுத்து நிற்கிறான். டீக்கடைக்காரர் அவனிடம் காசு வாங்க மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிறார், அவன் கொடுத்தே தீருவேன் என்கிறான்.

"ஏலே தியாகு! பொட்டிய இங்கிட்டுக் கொடு. இம்புட்டுக் கனத்தைத் தூக்கிக்கிட்டு பஸ்லயா போவ? ஜீப்பு வெளிய நிக்குது."

"நான் வந்தது உன்னை விசாரிக்க" என்றேன்.

"தெரியும்யா, ஸ்டேஷனுக்குத் தகவல் வந்துச்சு. அதுக்காக நடந்தா போவ? ஏறு."

விசாரிக்க வந்தவன் சம்பந்தப்பட்டவன் வண்டியில் ஏறக்கூடாது என்று நியாயம் பேசி மறுத்துவிட்டேன். அப்படி ஒரு விதி கிடையாது. அவன் ஜீப்பில் பக்கத்தில் உட்கார எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் நத்தம் சாலையில் எட்டு மைல், கட்டணம் நாற்பத்தைந்து நயாபைசா, பெட்டிக்குத் தனியாக இருபது. ஐம்பது நிமிடம் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் சிறுமலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு அழகாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தது எங்களை முந்திப் போன ஜீப்பையும், அதற்குக் கையெடுத்துக் கும்பிட்ட வயல் ஆட்களையும்தான்.

சாணார்பட்டியில் இறங்கி வரப்பு வழியே ஒரு மைல் நடந்தால் புகார் வந்த ஊர். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ரேடியோ, வெளியே குழாய் ஸ்பீக்கர். மாலை ஆறரைக்கு விவசாய நிகழ்ச்சி. கால்மணி முன்பே நாற்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள், பாதிப் பேர் பெண்கள். எங்கள் நிகழ்ச்சிக்கு இவ்வளவு கூட்டமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆள் தழையுரத்தைப் பற்றி வாசிக்க, இவர்கள் வெற்றிலை மடித்தார்கள், பேன் பார்த்தார்கள். ஆறு நாற்பதுக்குத் தழையுரத்தை அமுக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது. கூட்டம் அப்படியே அடங்கியது.

"நத்தம் ரோட்டுத் தரைப்பாலத்துல தண்ணி முழங்காலுக்கு ஓடுது. விடியக்கால மொத பஸ் சந்தேகம். கம்பிளியம்பட்டிக் கம்மாய்க்கரை சரியா இருக்கு. ஓவர்."

அவனேதான். மணியடித்த மாதிரி, ஒட்டாமல் வழுக்காமல், அதே குரல்.

"அப்ப நாளைக்குப் பூவ மாட்டு வண்டியில ஏத்திர வேண்டியதுதான்" என்றார் பக்கத்தில் இருந்த பேச்சியம்மாள். மல்லிகைத் தோட்டக்காரர். விடியற்காலையில் திண்டுக்கல் சந்தைக்குப் பூ அனுப்ப வேண்டும், பஸ் வராத நாளில் பூ கூடையிலேயே வாடிவிடும். மழைக்காலம் முழுக்க இந்தக் குரலைக் கேட்டுத்தான் ஊரே முடிவெடுக்கிறதாம்.

"அப்ப புகார் எழுதினது?"

"அது கிராம சேவக்கு எழுதுனது. எங்களக் கேட்டா எழுதுனாக?" என்றவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க மெட்ராஸ் ரேடியோக்காரவுகளா? கோவிச்சுக்கிராதீக. உங்க ஆளு வாசிக்கிறாரு. இவுக பேசுறாக."

சுரீர் என்றது. மேடையில்லை, மைக் அறையில்லை, சம்பளம்கூட அதற்கில்லை. எங்கள் இடத்தில் வந்து எங்கள் நேயர்களைக் கொண்டுபோகிறான். எனக்கு மறுத்த அலையில் ஓசியில் உட்கார்ந்து ராஜ்யம் நடத்துகிறான்.

மறுநாள் மாலை அளவுக் கருவியை ரேடியோவின் அருகிலேயே வைத்தேன். எங்கள் அலைவரிசையில் கருவியை நிறுத்தினால் தழையுரம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. போலீஸ் குரலே இல்லை. அதே நேரம் ஊர் ரேடியோவில் சவரிமுத்து பேசிக்கொண்டிருந்தான். கருவியைத் திருப்பிக்கொண்டே போனேன். 910 கிலோசைக்கிள் தள்ளி, போலீசுக்கு ஒதுக்கிய இடத்தில், இம்மி பிசகாமல் அவன் இருந்தான்.

விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் காலத்து மலிவு ரேடியோக்களில் ஒரு குறை உண்டு. ஒரு நிலையத்தைக் கேட்கும்போது, சரியாக அந்த 910 தள்ளி வலுவாக ஒருவர் பேசினால் அவர் குரலும் நிழல்போல உள்ளே வந்துவிடும். குறை ரேடியோவில்தான் இருந்தது. சவரிமுத்து தன் பங்கு நிலத்தை விட்டு ஒரு அடிகூட வெளியே வரவில்லை. ரேடியோவுக்குள் ஒரு சிறு கம்பிச் சுருள் வைத்தால் தீர்ந்தது, செலவு மூன்று ரூபாய்.

அறிக்கையில் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் வரி: எங்கள் அலைவரிசையில் வைத்த ஊர் ரேடியோவில் போலீஸ் குரல் கேட்பது உண்மை. இரண்டாவது வரி: என் கருவியில் கேட்கவில்லை, ஆகவே குறை ரேடியோவில். திண்டுக்கல் விடுதியில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். எழுதிய வரையில் ஒரு பொய்கூட இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது சவரிமுத்து ஸ்டேஷனுக்கு ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு வந்தான். "எங்கிட்டத் தப்பிருந்தா தப்புன்னே எழுதுய்யா. ஆனா நான் முள்ளு அசையாமத்தான் வச்சிருக்கேன்" என்றான். பழத்தை வாங்கிக்கொண்டேன்.

அவன் வைத்திருந்தது போர்க்காலத்து செட். கையால் திருகி இடம் பிடிப்பது. என் அறிக்கையைப் பார்த்த அவன் மேலதிகாரிகள், கவனக்குறைவாக முள்ளை நகர்த்திவிட்டான் என்று முடிவு கட்டி, அவனை ஜீப்பிலிருந்து இறக்கி மதுரையில் ஒரு பண்டகசாலைக்கு அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஊரிலிருந்து ஒரு கார்டு வந்தது. "இப்போது வேறொருவர் குரல் வருகிறது. அவர் பேசுவது விளங்கவில்லை. பழையவரையே அனுப்பவும்." ஆள் மாறியும் குரல் வருகிறது என்றால் தப்பு ஆளிடம் இல்லை என்று யாருக்கும் புரிந்துவிடும். அன்றைக்கே நான் உண்மையை எழுதியிருக்கலாம். நான் விடுப்புப் போட்டு, சொந்தச் செலவில் சாணார்பட்டிக்குப் போய், அந்தக் கம்பிச் சுருளை ரேடியோவில் வைத்து மூடிவிட்டு வந்தேன். அன்று மாலை தழையுரம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஆறு நாற்பது தாண்டியும் பேச்சியம்மாள் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னங்க, அவுகளக் காணோம்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இப்போது திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் எல்லாப் பேருந்தும் சாணார்பட்டியில் நிற்கும், அரைமணிப் பயணம். கார்த்திகையில் போனால் மலை பச்சையாக இருக்கும், ஆனால் குடை வேண்டும். பூச்சந்தை பார்க்க ஆசையென்றால் திண்டுக்கல்லில் தங்கி விடியுமுன் எழுந்துவிடுங்கள். யாராவது ஜீப்பில் ஏறச் சொன்னால் வீம்பு பண்ணாமல் ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் வேலை அளப்பது என்றால், அளந்ததை முழுக்க எழுதிவிட்டு ரயில் ஏறுங்கள்.

சுருள் வைத்துவிட்டு வந்த மாதமே மதுரையிலிருந்து சவரிமுத்துவின் கடிதம் வந்தது. "அன்புள்ள தியாகுவுக்கு, புது ஆள் வந்தபின் சாணார்பட்டியில் இடைஞ்சல் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் என் கை எனக்கே தெரியாமல் நகர்ந்துதான் இருக்கிறது. நீ வேண்டுமென்றே எழுதிவிட்டாய் என்று இத்தனை நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். என்னை மன்னித்துவிடு."

நான் பதில் எழுதினேன். மன்னித்துவிட்டதாக எழுதினேன்.