மழைக்காலத்துக்கு ஒரு ஏசி

இன்று திருவொற்றியூரில் ஏசி வாங்கப் போனோம்.

எனக்கு டக்டட் ஏசி மேல்தான் ஆசை. ஒரே மெஷின், கூரைக்குள்ளே குழாய், மூன்று அறைக்கும் குளிர். சொந்தக்காரர்கள் வந்தால் அண்ணாந்து பார்ப்பார்கள்.

என் மனைவி கருவாடு வியாபாரம் செய்பவள். போன மழையில் காயாமல் ஒரு கூடை கருவாடு முழுக்கப் புழு வைத்ததிலிருந்து வானத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். கடையில் திடீரென்று கேட்டாள்.

"ரூம்ல கீற சூடெல்லாம் எங்க நைனா போவுது?"

கடைக்காரர் சொன்னார். "மொட்டை மாடில வைக்கிற அவுட்டோர் யூனிட் சூடா வெளிய ஊதிடும்க்கா."

"டக்டட்டுக்கு எத்தினி அவுட்டோரு?"

"உங்க வீட்டுக்கு ஒண்ணு போதும்."

"ஸ்ப்ளிட்டுக்கு?"

"மூணு ரூமுக்கு மூணு."

"அப்ப மூணு ஸ்ப்ளிட்டு குடு. மேல ஷீட்டு போட்டுக்கினா மழைலயும் கருவாடு காயும்."

நான் குறுக்கே புகுந்தேன். "மழைல எவன் ஏசி போடுவான்?"

"நீதான் போடுவ. போத்திகினு படு."

நாளை மூன்று ஏசியும் வருகின்றன. நல்ல கம்பளி எங்கே கிடைக்கும், யாராவது சொல்லுங்களேன்.