குரோட்டன்ஸ் தொட்டியில் வந்தவர்கள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. போன வாரம் இரண்டு பையன்கள் வந்து செல்போனை நீட்டி, "அக்கா, இவங்க போட்டோவ பெரிசா போட்டு, கீழ எங்க பேரெல்லாம் வரிசையா போட்டு அடிச்சிக் குடுங்க" என்றார்கள். அலட்சியமாகத்தான் வாங்கிப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். படத்தில் குணசுந்தரி மேடம். நரைத்த கொண்டை, அதே பெரிய கண்ணாடி, தோளில் யாரோ போர்த்திய பொன்னாடை. அதை எப்போது எடுத்து மடிக்கலாம் என்று யோசிக்கிற அதே முகம்.

"வாழ்நாள் சாதனையாளர் விருது குடுத்திருக்காங்கக்கா. எங்க தெருக்காரங்கதான். எந்த ஆஸ்பத்திரி டாக்டருன்னுதான் தெர்ல."

"ஆஸ்பத்திரி டாக்டர் இல்லடா. ஆராய்ச்சி பண்ணி டாக்டர் ஆனவங்க."

"அப்டியா? இன்னா ஆராய்ச்சி? ரெண்டு வரியில சொல்லுங்க, அதையும் போட்டுடலாம்."

ரெண்டு வரியாம்! கையில் பேப்பர் கட்டிங் வேறு வைத்திருந்தார்கள். படித்தேன். பாறைக் குட்டை உயிர்களைப் பற்றிய இவருடைய ஆய்வு முடிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனதாம். அவ்வளவுதான், எழுதியவர் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டார். ஏன் ஐயா அவ்வளவு காலம் ஆனது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எனக்கு வந்த கோபத்தில் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த பூப்புனித நீராட்டு கோணலாக விழுந்து, அதை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

சரி, பேப்பர்காரர் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ஃப்ளெக்ஸ் மை வாசனையிலேயே கிடந்து என் மூக்கு செத்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் ஒரு வாசனை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. வெயிலில் காய்ந்து பொடியான குட்டை மண்ணில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் வருமே, அந்த வாசனை. அதை நான் முகர்ந்தது வயலில் இல்லை, ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிய தகுதிக்கு அங்கே என்னை லேப் அசிஸ்டெண்டாகப் போட்டிருந்தார்கள். தற்காலிகம்தான். தவளையைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிக்கொள்ளும் லேப் அசிஸ்டெண்ட். இன்றைக்கும் பல்லி என்றால் கடையைப் பையன் கையில் விட்டுவிட்டு வெளியே போய்விடுவேன், அது வேறு கதை.

குணசுந்தரி மேடமும் அங்கே தற்காலிக விரிவுரையாளர். எங்கள் ஊர்தான். அவருடைய நைனா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, நீங்கள் வேர்க்கடலை என்பீர்களே, அது பிடுங்கப் போனவர். அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் எம்.எஸ்சி. வரைக்கும் வந்து, முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தது அப்போது எங்களுக்கே பெரிய ஆச்சரியம். பட்டம் கையில் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வீடு. அதற்கு ஒரு கெடுவும் இருந்தது.

வல்லம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, யானை படுத்த மாதிரி ஒரு பாறை இருந்தது. அதன் முதுகில் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு பள்ளம். முதல் மழைக்கு அது நிறையும். நிறைந்து சில நாளில், கண்ணாடித் துண்டுக்கு உயிர் வந்தது போல விரல் நகம் அளவுக்கு எதுவோ நீந்தும். மல்லாக்கப் படுத்து, கால்களெல்லாம் வானத்தைப் பார்க்க, அந்தக் கால்களாலேயே துடுப்புப் போடும். இறால் சாதி என்பார் மேடம். எங்கள் ஜனங்கள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பூச்சி, அவ்வளவுதான். சில வாரம் வாழும், முட்டை போடும், குட்டை வற்றும், செத்துப்போகும். அப்புறம் எங்கள் ஊர் வெயில். செஞ்சிப் பாறையில் சித்திரை மாதம் செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. அந்தச் சூட்டில், அந்தப் பொடி மண்ணுக்குள், கண்ணுக்கே தெரியாத முட்டை உயிரோடு கிடக்கும். மழை வந்தால் எழுந்திருக்கும்.

மழையே வராவிட்டால்? ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் வராவிட்டால்? எத்தனை காலம் அது காத்திருக்கும்? இதுதான் மேடத்தின் கேள்வி.

இதற்கு மெஷின் கிடையாது, மாத்திரை கிடையாது. முட்டை காத்திருந்தால் நாமும் கூடக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பள்ளத்து மண்ணை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து, வருடத்தை எழுதி ஒட்டி, ஸ்டோர் ரூம் பலகையில் வைத்துவிடுவார். படிக்கிற காலத்திலேயே ஆரம்பித்திருந்தார். வரிசையாகப் பாட்டில், பாட்டில் நிறைய மண். "ஊறுகாய் எப்ப மேடம் பதம் வரும்?" என்று நான் கிண்டல் செய்வேன். "இன்னும் ரெண்டு கோடை போவட்டும்டி" என்பார், சிரிக்காமல்.

ஒரு கல்லூரிக்குக் கமிட்டி வருகிறது என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் பார்க்க வருகிற வீடு தோற்றுப்போகும். மரத்துக்கெல்லாம் இடுப்பு வரை சுண்ணாம்பு. வராத குழாயில் தண்ணீர். அப்புறம் குரோட்டன்ஸ். குரோட்டன்ஸ் இல்லாமல் இந்த நாட்டில் எந்தக் கமிட்டியும் எந்தக் கட்டிடத்துக்குள்ளும் நுழைந்ததில்லை. எங்கள் துறை வாசலுக்கும் புது சிமெண்ட் தொட்டிகள் வந்தன. புதுத் தரையில் கறை விழக் கூடாது என்று தொட்டியின் அடி ஓட்டையைக்கூட சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அளவுக்கு முன்யோசனை!

மேடம் அப்போது அம்மாவை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூடவே இருந்தார். நான் வல்லத்தில் அக்கா வளைகாப்பில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன். இருவரும் திரும்பி வந்து பார்த்தால் ஸ்டோர் ரூம் பளிச்சென்று இருக்கிறது. பாட்டில்கள் சோப்புப் போட்டுக் கழுவி, கவிழ்த்து, வெயிலில் மின்னுகின்றன. ஒட்டிய சீட்டு ஒன்றுகூட இல்லை. தொட்டிகளுக்கு மேல்மண் குறைகிறது என்று அத்தனையையும் அதில் கொட்டிவிட்டிருந்தார்கள்.

எச்.ஓ.டி. சார் கெட்டவர் இல்லை. சாயங்காலம் எல்லோருக்கும் அவித்த மல்லாட்டை வாங்கித் தருகிற மனிதர். மேடம் முகத்தைப் பார்த்துப் பதறித்தான் போனார். "மண்ணுதானேம்மா? வேற அள்ளிக்கலாம்" என்றார்.

"மண்ணை அள்ளிக்கலாம் சார். வருஷத்தை எங்க போயி அள்ளுறது?"

அதைச் சத்தமாகக்கூட சொல்லவில்லை. சொல்லிவிட்டு வராந்தாவில், அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான்தான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

கமிட்டி வந்தது. குரோட்டன்ஸைப் பாராட்டியது. போனது.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை அடைத்த தொட்டிகள், தண்ணீர் எங்கே போகும்? எல்லாம் விளிம்பு வரை நிறைந்து நின்றன. மழை விட்ட ஒரு காலையில் வாட்ச்மேன் வந்து, "செடித்தொட்டியில இன்னாமோ நெளியுது மேடம்" என்றார். மேடம் செருப்பைக்கூட மாட்டவில்லை, ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. சிவப்பும் மஞ்சளுமான இலைகளுக்கு அடியில், கலங்கிய தண்ணீரில், மல்லாக்கப் படுத்து, கால்களை ஆட்டிக்கொண்டு, ஒரு கூட்டமே நீந்துகிறது. ஒரு தொட்டியில் இல்லை, எல்லாத் தொட்டியிலும். கொட்டிக் குப்பையாக்கிய மண்ணிலிருந்து அத்தனை உயிர். மேடம் ஈரத்தரையில் மண்டி போட்டு, தொட்டி விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாம்மா, உன் மண்ணு வீண் போவல! எழுதிடு. பத்து வருஷத்து மண்ணும் பொரிஞ்சிடுச்சின்னு எழுது. நான் கையெழுத்துப் போடுறேன். கெடுவுக்குள்ள பட்டம் வாங்கிடலாம்!"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வேறு எப்படிப் படும்? அவருக்கு வேலை வேண்டும், அம்மா வைத்தியத்துக்கும் வேலை வேண்டும். எழுதினால் கேட்பதற்கும் ஆள் கிடையாது.

மேடம் எழுந்து முழங்கால் சேற்றைத் துடைத்துக்கொண்டார். "இது எந்த வருஷத்து மண்ணுல பொரிஞ்சிது சார்? எல்லாம் கலந்து கிடக்குது. போன வருஷ மண்ணுல பொரிஞ்சிதோ இன்னாவோ. இவங்க வந்தாங்கன்னு எழுதலாம். எத்தினி வருஷம் தூங்கி வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்ச மாதிரி எழுதும்மா."

"தெரியாது சார்."

அவ்வளவுதான். கெடு முடிந்தது. அடுத்த வருடம் கல்லூரி அவரை எடுக்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனார். எனக்கு அப்போது அவர் மேல் கோபம்தான். பிழைக்கத் தெரியாத ஜென்மம் என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

அந்தக் கோடையில் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு பாட்டில், புதிதாகக் கழுவியது. "வல்லம் வரைக்கும் வர்றியா?" என்றார். பாறை அடுப்பாகக் கொதித்தது. குந்தி உட்கார்ந்து, பள்ளத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, மூடியை இறுக்கி, வருடத்தை எழுதி ஒட்டினார். முதலிலிருந்து. பத்து வருடம் போனதே என்று ஒரு பெருமூச்சு? கிடையாது. முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் முகம் அது. நான் அவரைத் திட்டுவதை அன்றோடு விட்டேன்.

எனக்குக் கல்யாணமானது, பெண் பிறந்தாள், கடை வந்தது. மேடத்துக்கு எங்கோ ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. ஆனால் கோடை தவறாமல் வருவார், மண் எடுப்பார், என் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறுவார். என் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் போன். எடுத்தால் ஹலோ இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"வந்துட்டாங்கடி! அந்த முதல் பாட்டில், நீ கூட வந்தியே, அதுல வந்துட்டாங்க!"

பூச்சியை இப்படி மரியாதையாக அழைக்கிற மனுஷியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் நான் அழுதேன். டாக்டர் பட்டமும் அதற்கப்புறம்தான் வந்தது. பேப்பர்காரர் ஒரு வரியில் தாண்டிப்போன இருபது வருடம் இதுதான்.

இதையெல்லாம் பையன்களிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது, ஒருவன் என் மை டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகப் போனான்.

"டேய், வை கீழ!"

போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. பையன் அரண்டுபோய், "மண்ணுதானேக்கா?" என்றான்.

அந்தப் பாறை இப்போது இல்லை. மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவில் குவாரி வந்து, யானையின் தலை போனது, முதுகு போனது, கடைசியில் படுத்த இடமும் போனது. யார் வீட்டுத் தரையிலோ பளபளவென்று கிடக்கும். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம், கிணறு மாதிரி பச்சைத் தண்ணீர். நான் போய் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் நீந்தவில்லை. கல்லூரியில் விலங்கியல் துறையையும் மூடிவிட்டார்கள். தொட்டிகள் எங்கே போயினவோ. கடைசிக் கோடையில் எடுத்த மண்ணில் ஒரு பங்கை மேடம் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். எப்போது திறக்க வேண்டும் என்று அதில் ஒரு வருடம் எழுதியிருக்கிறது. எழுதும்போது அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார், அன்றைக்குத் தான் இருக்கப்போவதில்லை என்று. "நான் இருப்பனான்னு தெரியாது. நீ இருந்தா நீ தொற. இல்லன்னா உன் பொண்ணு தொறக்கட்டும்" என்றார், டீ கிளாஸைக் கீழே வைத்தபடி.

பையன்களுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பெயர்களுக்கே இடம் போதவில்லை, அதனால் அந்த இரண்டு வரியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். எடுத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன்.

அவர்கள் போனபோது வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. பாட்டில் மூடியை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, பலகையில் உள்பக்கமாகத் தள்ளி வைத்தேன்.