மலை தெரியுதாக்கா?

நாலு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழைக் காலத்தில், கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைக்குப் போகிற சாலையோரம் ஒரு வீட்டில் நடந்தது இது.

நான் கள்ளக்குறிச்சியில் வீட்டு பிளான் போட்டு, உள் அலங்கார வேலையும் செய்கிறவன். என் திறமைக்கு என் வீடே சாட்சி. அங்கே பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலை நகர்த்த வேண்டும். கட்டிலை நகர்த்த வேண்டுமென்றால் என் மனைவி எழுந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட நான், செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, தடுப்பே இல்லாத 'ஓப்பன் ஹால்' மீது பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. யார் வீட்டுக்குள் போனாலும் எந்தச் சுவரை எடுக்கலாம் என்றுதான் முதலில் கண் போகும்.

அந்த வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன், கரும்பு விவசாயி. ஒரே மகள். திருக்கோவிலூர் பக்கம் நல்ல இடத்தில் சம்பந்தப் பேச்சு கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வரப்போகிறார்கள். அதாவது, பெண் வீட்டில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். வருகிற ஐம்பது பேரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்பது அண்ணனின் ஆசை.

நான் நடுச்சுவரைக் காட்டினேன். படுக்கையறை வாசலிலிருந்து சமையலறை வரை ஓடிய நீளச் சுவர். அதை எடுத்துவிட்டு பீம் கொடுத்து, சமையல் மேடையை ஹாலைப் பார்க்கத் திருப்பி, எதிரே பெரிய ஜன்னலும் வைத்துவிட்டால், தோசை ஊற்றிக்கொண்டே கல்வராயன் மலையைப் பார்க்கலாம் என்று அளந்துவிட்டேன்.

அண்ணனின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். அவர் மட்டும், "அந்த ஒரு செவுரு இருந்துட்டுப் போவட்டும் தம்பி" என்றார்.

"இன்னாக்கா, சீர்வரிசைல வந்த செவுரா அது?" என்றேன். அண்ணன் சிரித்தார், மகள் சிரித்தாள். அக்காவும் சிரித்தார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு நாளில் சுவர் போனது. வேலை முடியும்வரை மூவரும் மோட்டார் கொட்டகையில் இருந்தார்கள். கை நனைக்கிற நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது திரும்பி வந்தார்கள். வெள்ளை டைல்ஸ், வெள்ளைச் சுவர், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் ஒரு தடங்கல் கிடையாது. அக்காவைக் கூட்டிப்போய் சமையல் மேடையருகே நிறுத்தி, "மலை தெரியுதாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியுது தம்பி. ஜோரா தெரியுது."

அன்றைக்கு மழை மூட்டம். மலை இருக்க வேண்டிய திசையில் சாம்பல் பூசியது போல இருந்தது. எனக்கே ஒன்றும் தெரியவில்லை. என்னையே நக்கல் அடிக்கிறாரே என்று ரசித்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

விசேஷத்தன்று நானும் போயிருந்தேன். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், என் ஹாலை ஐம்பது பேர் பார்க்கிற நாளாயிற்றே. நடு ஹால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, நாற்காலிகளையெல்லாம் நான்கு ஓரமும் சுவரோடு சுவராக நானேதான் போட்டேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெண்ணின் அம்மா தாம்பூலத் தட்டு கொண்டுவந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுக்க வேண்டும், அப்புறம் சாப்பாடு. அக்கா தட்டோடு வந்தார். பத்தடி நடந்தவர், நட்ட நடுவில் நின்றுவிட்டார். இடது கை மட்டும் தட்டை விட்டு விலகி, பக்கத்தில் எதையோ தேடியது.

என் வாய் சும்மா இருக்குமா? "ஹால் பெருசா பூட்டுதுக்கா, ஒரு டவுன் பஸ் வுட்டாத்தான் ஆவும்" என்றேன். சபையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்த முகத்தோடு, ஆளே இல்லாத ஜன்னல் பக்கம் திரும்பித் தட்டை நீட்டி, "வாங்கிக்குங்க சம்பந்தி" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அடங்கியது. தட்டு நீட்டியபடியே இருந்தது. மகள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்கத்தான் ஒரு சுவரும் இல்லையே. ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

நல்ல நேரம் முடிந்துவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர்கள் எழுந்தார்கள். யாரும் கை நனைக்கவில்லை. அம்மாவின் கண் கோளாறு பெண்ணுக்கும் வருமாம் என்று நாலாம் நாள் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பேச்சு அதோடு போனது.

கண் மங்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்ததாம். மகள் கல்யாணம் கெட்டுவிடும் என்று அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்குள் அந்த நடுச்சுவரில் இடது கையை வைத்துத்தான் நடந்திருக்கிறார். புது ஹாலில் அந்த ஒரு வாரமும் ஓரமாகவே நடந்து சமாளித்திருக்கிறார். ஓரத்தை நாற்காலி போட்டு அடைத்தவன் நான்.

இதையெல்லாம் என்னிடம் சொன்ன அண்ணன், "கடைக்குப் போவ மாட்டேங்குறா, வெளிய வர மாட்டேங்குறான்னு சோம்பேறின்னே திட்டிக்கினு இருந்தேம்பா" என்றார். என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

பத்து நாள் கழித்து, கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய், அதே இடத்தில் சுவர் வைத்துத் தருகிறேன் என்று நின்றேன். அக்கா சமையல் மேடையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வேணாம் தம்பி. இனிமே எதுக்கு?" என்றார். அப்புறம், "நெஜமாவே இங்கேருந்து மலை தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுதுக்கா."

"எப்படி கீது, சொல்லு."

அன்று மூட்டம் விலகியிருந்தது. மேலே கருநீலம், கீழே வரவரப் பச்சை, நடுவில் வெள்ளிமலைக்கு ஏறுகிற பக்கம் ஒரே ஒரு மேகம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சொன்னேன். ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு, முழுதும் கேட்டார். என் வாழ்க்கையில் நான் நக்கல் கலக்காமல் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்போதும் நான் பிளான் போடுகிறேன், போகிற வீட்டில் எல்லாரையும் சிரிக்கவும் வைக்கிறேன். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாராவது சிரித்துவிட்டால், அதை வெறும் சிரிப்பு என்று நம்ப இன்றுவரை எனக்குத் தைரியம் வந்ததில்லை.